சீனாவைத் தொலைத்த பத்திரிகை

1951 பிப்ரவரி. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் லீ என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு பண்ணை. பண்ணையில் ஒரு கொட்டகை. வைக்கோலும் தட்டுமுட்டுச் சாமான்களும் போட்டுவைக்கிற மாதிரியான கொட்டகைதான். வாஷிங்டனிலிருந்து செனட் கமிட்டியின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கையில் சம்மன். கூடவே லாரி.

உள்ளே தங்கமில்லை, வெடிகுண்டு இல்லை. கோப்புகள். பெட்டி பெட்டியாகப் பழைய கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், 'உங்கள் கட்டுரை கிடைத்தது, நன்றி' ரகக் காகிதங்கள். அத்தனையையும் அள்ளி லாரியில் ஏற்றி, போலீஸ் காவலோடு வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஏன் இவ்வளவு தடபுடல்? அந்தக் காகிதங்களுக்கு நடுவே ஒரு தேசம் தொலைந்து கிடக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். சும்மா தேசமில்லை. சீனா. சுமார் 54 கோடி ஜனங்கள்.

1949-ல் மாவோ ஜெயித்துவிட்டார். அமெரிக்கா கோடிகோடியாகக் கொட்டி வளர்த்த சியாங் கை ஷேக், தைவான் தீவுக்கு ஓடிப்போனார். 'சீனாவைத் தொலைத்தது யார்?' என்று வாஷிங்டனில் ஆரம்பித்தார்கள். என்னவோ சீனா அவர்களுடைய சட்டைப்பையில் இருந்த மாதிரி. யாராவது பதில் சொல்லியாகவேண்டும் அல்லவா? ஜனாதிபதி ட்ரூமன் சொல்லவில்லை. ராணுவம் சொல்லவில்லை. கடைசியில் மாட்டிக்கொண்டது ஒரு காலாண்டுப் பத்திரிகை.

பேர், பசிபிக் அஃபேர்ஸ். அதை நடத்தியது இன்ஸ்டிட்யூட் ஆஃப் பசிபிக் ரிலேஷன்ஸ் என்கிற அமைப்பு. சுருக்கமாக ஐ.பி.ஆர். இன்றைக்கு 'திங்க் டேங்க்' என்கிறோமே, அந்தச் சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள். 1925-ல் ஹவாய்த் தீவின் ஹொனலூலு நகரில் ஒய்.எம்.சி.ஏ. ஆசாமிகள் கூடி ஆரம்பித்தது. பசிபிக் கடலைச் சுற்றியிருக்கும் நாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் கிடக்கின்றன, உட்கார்ந்து பேசினால் சண்டை வராது என்பது நினைப்பு. முதல் உலகப்போர் முடிந்து ஏழே வருடம். அப்படி நம்புவதற்குத் தெம்பு இருந்த காலம்.

நாட்டுக்கு ஒரு கவுன்சில். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாநாடு. ஹொனலூலு, கியோட்டோ, ஷாங்காய், கனடாவில் பான்ஃப் என்று ஊர் ஊராக நடந்தது. ராக்ஃபெல்லர், கார்னகி அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. பத்திரிகை 1928-ல் பசிபிக் அஃபேர்ஸ் என்கிற பெயரில் வர ஆரம்பித்தது. பொதுச்செயலாளர் எட்வர்ட் கார்ட்டர், இளவயதில் இந்தியாவில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பல வருடம் குப்பை கொட்டியவர். அந்தப் பண்ணையும் கொட்டகையும் அவருடையதுதான்.

சரி, யார் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்? கதையே அவரில்தான் இருக்கிறது.

ஓவன் லாட்டிமோர். 1900-ல் வாஷிங்டனில் பிறந்தார். வளர்ந்தது சீனாவில். அப்பா அங்கே வாத்தியார். பள்ளிக்கூடம் கொஞ்சம் ஸ்விட்சர்லாந்தில், கொஞ்சம் இங்கிலாந்தில். காலேஜ் பக்கம் போகவில்லை. கடைசிவரை ஒரு டிகிரியும் வாங்காத மனிதர், பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்கே இயக்குநராக உட்கார்ந்தார் என்றால் ஆளைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம்.

சீனாவில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. கம்பளி மூட்டைகளை விடுவிப்பதற்காக மங்கோலிய எல்லைப் பக்கம் ஒரு ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறார். ஒரு பக்கம் ரயில் வேகன்கள். எதிரிலேயே வரிசையாக ஒட்டகங்கள். மத்திய ஆசியாவிலிருந்து நடந்தே வந்த ஒட்டகங்கள். இவை எந்த வழியாக வருகின்றன என்று மனுஷனுக்கு அரிப்பு வந்துவிட்டது. 1926-ல் வேலையை உதறிவிட்டு ஒட்டகக் கூட்டத்தோடு பாலைவனத்தில் இறங்கிவிட்டார். கல்யாணம் ஆன வருடம் அது. மனைவி எலினார் லேசுப்பட்ட ஆளில்லை. ரஷ்யா வழியாகச் சுற்றிக்கொண்டு, சைபீரியக் குளிரில் பனிவண்டியில் வந்து எல்லையில் கணவரைப் பிடித்தார். புதுமணத் தம்பதியின் தேனிலவு சின்கியாங்கில் நடந்தது. அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய புத்தகங்கள்தான் லாட்டிமோரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. சீன மொழி தெரியும், ரஷ்ய மொழி தெரியும், மங்கோலிய மொழி பேசுவார். அப்போதைய அமெரிக்காவில் இந்த மூன்றும் ஒரே வாயில் வருவது அபூர்வம்.

1934-ல் ஆசிரியர் நாற்காலி கிடைத்தது. முதல் மூன்று வருடம் பெரும்பாலும் பீகிங்கில் உட்கார்ந்தபடியே நடத்தினார்.

பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். முதலாளி ஒருத்தர் என்றாலே தலைவலி. இங்கே நாட்டுக்கு ஒரு முதலாளி. ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்ததைக் கண்டித்து ஒரு சீனர் எழுதினால் ஜப்பான் கவுன்சில் முறைக்கும். பிரிட்டனின் காலனிகளைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் லண்டன் முகம் சுளிக்கும். 1934-ல் சோவியத் ரஷ்யாவும் உறுப்பினராகச் சேர்ந்தது. கேட்கவேண்டுமா? ஸ்டாலினை விமரிசிக்கும் கட்டுரையைப் போட்டுவிட்டார் என்று மாஸ்கோ குதித்தது. டிராட்ஸ்கி வாடை அடிக்கும் கட்டுரை ஒன்று வந்ததற்கு இன்னொரு குதி.

1936-ல் கார்ட்டரும் லாட்டிமோரும் மாஸ்கோவுக்கே போய் உட்கார்ந்து பேசினார்கள். உங்கள் பத்திரிகைக்கு ஒரு 'லைன்' இல்லையே என்பது ரஷ்யர்களின் புகார். லைன் வேண்டுமென்றால் நீங்களே கட்டுரை எழுதி அனுப்புங்கள், உங்கள் நிலைப்பாடு தெரிந்தால் எங்களுக்கும் வசதி என்கிற ரீதியில் லாட்டிமோர் சமாளித்தார். ஒரு ஆசிரியர், கட்டுரை தராமல் குறை மட்டும் சொல்லும் ஆளிடம் என்ன பேசுவாரோ அதைத்தான் பேசினார். ரஷ்யர்கள் அதற்கப்புறமும் பெரிதாக ஒன்றும் எழுதித் தரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் குறிப்பை யாரோ ஒழுங்காக டைப் அடித்துக் கோப்பில் வைத்துவிட்டார்கள். பதினைந்து வருடம் கழித்துக் கொட்டகையில் அகப்பட்டது அதுதான்.

லாட்டிமோரை நான் புனிதர் ஆக்கப் போவதில்லை. 1938-ல், ஸ்டாலின் தன் பழைய தோழர்களையெல்லாம் விசாரணை நாடகம் நடத்திச் சுட்டுக்கொண்டிருந்தபோது, அது ஏதோ ஜனநாயகத்தின் அறிகுறி மாதிரி தன் பத்திரிகையிலேயே எழுதினார். 1944-ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஹென்றி வாலஸோடு சைபீரியா போனார். கோலிமா. தங்கச் சுரங்கம். லட்சக்கணக்கான கைதிகளை வாட்டி வதைத்த இடம். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று காவல் கோபுரங்களைக் கழற்றிவிட்டு, கைதிகளை ஒளித்துவைத்து, இசை நிகழ்ச்சி நடத்திக் காட்டினார்கள். இவரும் நேஷனல் ஜியாகிரஃபிக்கில் அந்த இடத்தையும், நிர்வாகியின் ரசனையையும் மெச்சி எழுதிவைத்தார். பாலைவனத்தில் ஒட்டகத்தின் காலடியைப் பார்த்து வழி சொல்லக்கூடிய மனிதருக்கு அந்த முகாமில் ஒன்றுமே கண்ணில் படவில்லை. படிக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஐ.பி.ஆருக்குள் கம்யூனிஸ்ட்களும் இருந்தார்கள். மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்கக் கவுன்சிலின் செயலாளராக இருந்த ஃப்ரெடரிக் வாண்டர்பில்ட் ஃபீல்ட், பேரைப் பார்த்தாலே தெரியும், ரயில்வே கோடீஸ்வரக் குடும்பத்து வாரிசு. தன் கைக்காசைப் போட்டு ஐ.பி.ஆரின் கடனை அடைத்தவர். கட்சிக்காரரேதான், பிற்பாடு தன் வாழ்க்கை வரலாற்றில் சாங்கோபாங்கமாக எழுதியிருக்கிறார். பசிபிக் அஃபேர்ஸில் லாட்டிமோருக்கு உதவியாளராக இருந்த சீன அறிஞர் சென் ஹான்செங், 1920-களிலிருந்தே மாஸ்கோவின் கம்யூனிஸ்ட் அகிலத்துக்காக ரகசியமாக வேலை பார்த்தவர். அவரே கடைசிக் காலத்தில்தான் அதை ஒப்புக்கொண்டார். 2004-ல், 107 வயதில் காலமானார். ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு ஆயுசு கெட்டி போலிருக்கிறது.

இன்னொருத்தர் சி சாவோதிங். பொருளாதார அறிஞர். ஐ.பி.ஆரில் ஆராய்ச்சி. ரகசியக் கம்யூனிஸ்ட். போர்க்காலத்தில் அவர் எங்கே போய் வேலைக்குச் சேர்ந்தார் தெரியுமா? சியாங் கை ஷேக் அரசின் நிதித்துறையில். நிதியமைச்சர் எச்.எச்.குங், சியாங்குக்குச் சகலை முறை. அவருக்கு நெருக்கமான அதிகாரி இவர். சியாங்கின் உளவுத்துறைக்கே பிடிபடாத ஆளை நியூயார்க்கில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? இந்தக் கேள்வியைப் பின்னாளில் கமிட்டியில் யாரும் கேட்கவில்லை.

போர் வந்தது. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த மறுநாள், பசிபிக் பக்கத்தில் எந்தத் தீவு எங்கே இருக்கிறது, அங்கே என்ன பாஷை, என்ன விளைகிறது என்று தெரிந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். அதில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு விதத்தில் ஐ.பி.ஆரோடு சம்பந்தப்பட்டவர்கள். ராணுவம் லட்சக்கணக்கில் ஐ.பி.ஆர். கையேடுகளை வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. லாட்டிமோரை 1941-லேயே ரூஸ்வெல்ட் கூப்பிட்டு, சியாங் கை ஷேக்குக்கு ஆலோசகராக அனுப்பியிருந்தார். அந்த வருடத்தோடு ஆசிரியர் வேலை முடிந்தது.

இந்த இடத்தில் வில்லன் நுழைகிறார். கைக்குட்டை வியாபாரி.

ஆல்ஃப்ரெட் கோல்பெர்க். சீனாவிலிருந்து லேஸ் வேலைப்பாடு செய்த கைக்குட்டைகளை இறக்குமதி செய்து அமெரிக்காவில் விற்றுக் காசு பார்த்தவர். சியாங்கின் பரம பக்தர். ஐ.பி.ஆரின் சந்தா கட்டிய உறுப்பினரும்கூட. சியாங்கின் ஆட்சியில் ஊழல் என்று அவர்கள் பத்திரிகைகளில் வருவதைப் படித்துக் கொதித்துப்போனார். நூலகத்தில் போய் உட்கார்ந்து பழைய இதழ்களையெல்லாம் புரட்டி, வெட்டி ஒட்டி, 1944-ல் சுமார் எண்பது பக்கத்துக்கு ஒரு குற்றப் பத்திரிகை தயாரித்தார். 1947-ல் விசாரணை வேண்டும் என்று உறுப்பினர்களிடையே ஓட்டெடுப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அவர் பக்கம் 66 ஓட்டு. எதிர்ப்பக்கம் 1,163. மண்ணைக் கவ்வினார். ஆனால் அந்தக் கத்தரித்த காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வரவேண்டியதுதான் பாக்கி.

இடையில் இன்னொரு கூத்து. அமெரேஷியா என்றொரு சின்னப் பத்திரிகை. 1937-ல் மேற்படி ஃபீல்டும், வாழ்த்து அட்டை வியாபாரியான பிலிப் ஜாஃப்பியும் ஆரம்பித்தது. லாட்டிமோரும் சில வருடம் அதன் ஆசிரியர் குழுவில் இருந்தார். 1945 ஜனவரி இதழை அமெரிக்க உளவு அமைப்பு ஒன்றின் அலுவலர் சாவகாசமாகப் படிக்கிறார். தாய்லாந்து பற்றிய கட்டுரை. எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே? எங்கேயோ என்ன, அவரே எழுதிய ரகசிய அறிக்கை! அப்படியே வரிக்கு வரி. ராத்திரியோடு ராத்திரியாக நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் இருந்த பத்திரிகை ஆபீசுக்குள் பூட்டைத் திறந்து புகுந்து பார்த்தால், கட்டுக்கட்டாக அரசாங்க ஆவணங்கள். ஆறு பேர் கைது. வாரன்ட் இல்லாமல் புகுந்ததால் வழக்கு நொண்டியடித்து, கடைசியில் இரண்டு பேருக்கு அபராதம் மட்டும். ஆசியா பற்றிய பத்திரிகை என்றால் உளவாளிக் கூடாரம் என்று ஜனங்கள் மனதில் பதிந்ததுதான் மிச்சம். இதன் ஆபீசும் ஐ.பி.ஆர். ஆபீசும் வேறு வேறு என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

1950 பிப்ரவரி 9. செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வீலிங் என்கிற ஊரில் ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார். வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்ட்கள், இதோ பட்டியல். 205 பேர் என்றார். அப்புறம் 57 என்றார். அப்புறம் 81. எண்ணிக்கை தினசரி தங்கம் விலை மாதிரி ஏறி இறங்கியது. பேரைச் சொல்லு என்று எல்லோரும் நெருக்க, மார்ச் மாதம் ஒரே ஒரு பேரைச் சொன்னார். அமெரிக்காவில் இருக்கும் ரஷ்ய உளவாளிகளிலேயே தலையாய உளவாளி. என் மொத்தக் கேஸும் இவரை வைத்துத்தான். லாட்டிமோர்.

அப்போது லாட்டிமோர் எங்கே இருந்தார்? ஆப்கனிஸ்தானில். ஐ.நா. சார்பாகப் போயிருந்தார். காபூலில் அவருக்கு ஒரு தந்தி. ஒரு செய்தி நிறுவனம் அனுப்பியது. உங்களை இன்னார் தலைமை உளவாளி என்கிறாரே, உங்கள் கருத்து என்ன? படித்துவிட்டு அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிந்திருக்காது. இத்தனைக்கும் சில மாதம் முன்புதான், 1949-ல், ஒரு முதிய மங்கோலிய லாமாவைத் தன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்திருந்தார். திலோவா ஹுதுக்து. வாழும் புத்தர் என்று மங்கோலியர்கள் வணங்கியவர். கம்யூனிஸ்ட் மங்கோலியாவில் விசாரணைக்கு ஆளாகி, தப்பியோடி வந்தவர். ரஷ்யாவின் முதன்மை உளவாளி, ரஷ்யாவின் எடுபிடி அரசிடமிருந்து தப்பியவருக்கு பால்டிமோரில் அடைக்கலம் கொடுக்கிறார்! சோவியத் எழுத்தாளர்களோ லாட்டிமோரை 'ஏகாதிபத்தியத்தின் படித்த கைக்கூலி' என்கிற ரேஞ்சில் திட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் அடி.

திரும்பி வந்து, ஏப்ரலில் செனட்டர் டைடிங்ஸ் கமிட்டி முன்னால் நின்றார். கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பத்திரிகை ஆசிரியர் ஒருவரைச் சாட்சியாக எதிரே கொண்டுவந்தார்கள். லாட்டிமோரை நம் ஆளாக நினைத்துக்கொள் என்று மேலிடத்தில் சொன்னதாகக் கேள்வி என்றார் சாட்சி. நேரில் பார்த்திருக்கிறாரா? இல்லை. ஜூலையில் கமிட்டியின் பெரும்பான்மை அறிக்கை, மெக்கார்த்தியின் குற்றச்சாட்டெல்லாம் மோசடி என்றது. ஆனால் அதற்கு முந்தின மாதமே கொரியாவில் போர் வெடித்துவிட்டது. அமெரிக்கப் பையன்கள் சாக ஆரம்பித்துவிட்டார்கள். அறிக்கையை யார் படிப்பது? நவம்பர் தேர்தலில் டைடிங்ஸ் தோற்றார். கம்யூனிஸ்ட் தலைவரோடு அவர் சகஜமாக நிற்கிற மாதிரி ஒரு ஒட்டுவேலை போட்டோ ஊரெல்லாம் சுற்றியிருந்தது.

இந்த அமளிக்கு நடுவில் ஐ.பி.ஆர். தன் அடுத்த மாநாட்டை எங்கே நடத்தியது என்று நினைக்கிறீர்கள்? நம்ம லக்னோவில். 1950 அக்டோபர் 3-ம் தேதி, நேருதான் தொடக்க உரை. சீனாவின் புதிய அரசை முந்திக்கொண்டு அங்கீகரித்திருந்த பிரதமர். மாநாட்டுக்கு இந்தியத் தரப்பு, டெல்லியில் 1943-ல் ஆரம்பித்த உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில். அவர்களும் பத்திரிகை நடத்தினார்கள். இந்தியா குவார்ட்டர்லி, 1945-லிருந்து. அந்தக் கவுன்சிலின் செயலாளர் ஏ.அப்பாதுரை நம்ம பக்கத்து ஆசாமி. கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியப் பொருளாதாரம் எப்படி இருந்தது என்று அவர் எழுதிய ஆராய்ச்சியை 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சோழர் காலத்து வரிக் கணக்கிலிருந்து உலக அரசியலுக்குத் தாவிய மனிதர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும், இன்னொரு சமயம்.

லக்னோ முடிந்து நாலு மாதத்தில்தான் கொட்டகை ரெய்டு.

இம்முறை கமிட்டிக்குத் தலைவர் பாட் மெக்காரன். நெவாடா செனட்டர். ட்ரூமனின் கட்சிக்காரர்தான், ஆனால் ட்ரூமனைக் கண்டால் ஆகாது. மெக்கார்த்தி மாதிரி காகிதத்தை ஆட்டுகிற ஆளில்லை. நிதானமாக, பெட்டி பெட்டியாக உட்கார்ந்து படிக்கச் செய்தார். 1951 ஜூலையிலிருந்து 1952 ஜூன் வரை விசாரணை. அச்சான சாட்சியம் மட்டும் 5,000 பக்கங்களுக்கு மேல்.

அவர்களுடைய முறையைக் கவனியுங்கள். பதினைந்து வருடத்துக் கடிதங்கள் கமிட்டி கையில் இருக்கின்றன. சாட்சியிடம் இல்லை. 1937-ல் இன்னாரைச் சந்தித்தீர்களா? ஞாபகமில்லை. உடனே உள்ளேயிருந்து ஒரு கடிதம் வரும். அப்போ பொய் சொன்னீர்களா? லாட்டிமோரை 12 நாட்கள் உட்காரவைத்தார்கள். அவர் எழுதி எடுத்துப்போயிருந்தது 50 பக்க அறிக்கை. வரிக்கு வரி குறுக்கே பேசியதில் அதைப் படித்து முடிக்கவே மூன்று நாள் பிடித்தது. கோபக்காரரான அவரும் பதிலுக்குப் பதில் குத்திக்கொண்டே இருந்தார். அது அவருக்கு உதவவில்லை.

வாதம் ஒன்று செய்தார். என் காலத்துப் பத்திரிகையைப் புரட்டிப் பாருங்கள், இடதுசாரிகளைவிட மற்றவர்களின் கட்டுரைகள்தான் அதிகம். உண்மைதான். ஆனால் கமிட்டிக்கு அச்சான பக்கங்களில் ஆர்வமில்லை. அச்சாகாத கடிதங்களில்தான் ஆர்வம். 1938-ல் கார்ட்டருக்கு லாட்டிமோர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. ஆராய்ச்சித் தொகுதி ஒன்றில் சீனப் பகுதியை இன்னின்னாரிடம் கொடுத்தது சாமர்த்தியம், சீனக் கம்யூனிஸ்ட்கள் சொல்வதற்குக் கொஞ்சம் பின்தங்கியே நின்றால் அந்த முத்திரை நம்மேல் விழாது என்கிற மாதிரி எழுதியிருந்தார். நானே படித்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. தந்திரமாகப் பேசுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்துக்கும் மாவோ யாங்ட்சி நதியைத் தாண்டியதற்கும் என்ன சம்பந்தம்? சியாங்கின் பணம் காகிதமானதும், அவருடைய தளபதிகள் படை படையாகச் சரணடைந்ததும் நியூயார்க்கில் வந்த ஒரு கட்டுரையாலா?

ஆமாம் என்றது கமிட்டி. 1952 ஜூலையில் அறிக்கை. லாட்டிமோர், சோவியத் சதியின் தெரிந்தே இயங்கிய கருவி. ஐ.பி.ஆரை ஆட்டிவைத்த சின்னக் கும்பல் மட்டும் இல்லையென்றால் சீனா இன்று சுதந்திர நாடாக இருந்திருக்கும் என்று மெக்காரன் செனட்டில் முழங்கினார்.

அந்த டிசம்பரில் பொய்ச்சாட்சி வழக்கு. ஏழு குற்றச்சாட்டுகள். உளவு பார்த்தார் என்று ஒன்றுகூட இல்லை. அப்புறம் என்ன? கம்யூனிசத்தின் அனுதாபி இல்லை என்று சொன்னது பொய். 1941-ல் சோவியத் தூதரோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது, ஹிட்லர் ரஷ்யாவுக்குள் நுழைந்ததற்கு அப்புறம் என்று சொன்னார், உண்மையில் அதற்குச் சில நாள் முன்னால், ஆகவே பொய். பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு லஞ்ச்! போன மாதம் எங்கே சாப்பிட்டோம் என்று நமக்கு ஞாபகம் இருக்கிறதா?

நீதிபதி லூதர் யங்டால், குடியரசுக் கட்சியின் முன்னாள் கவர்னர். 1953-ல் முக்கியமான குற்றச்சாட்டுகளைத் தள்ளினார். அரசாங்கம் மேல்முறையீடு போய், புதுசாக ஒரு குற்றப்பத்திரிகை கொண்டுவந்தது. 1955 ஜனவரியில் அதையும் தள்ளினார். ஜூனில் அரசாங்கம் கைவிட்டது. லாட்டிமோரின் வக்கீல்கள் காசு வாங்கவில்லை. எஃப்.பி.ஐ. அவர்மேல் சேர்த்துவைத்த கோப்பு, பின்னாளில் வெளியே வந்தபோது, ஏறத்தாழ 39,000 பக்கம். உளவுக்கான ஆதாரம் அதில் இல்லை.

தப்பித்தார் என்று சொல்லலாமா? பல்கலைக்கழகம் அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை, ஆனால் அவர் இயக்கிய துறையையே மூடிவிட்டது. மாணவர்கள் குறைந்தார்கள். கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. மற்றவர்கள் கதி இன்னும் மோசம். சீனாவில் கம்யூனிஸ்ட்கள்தான் ஜெயிப்பார்கள் என்று 1944-லேயே அங்கிருந்து அறிக்கை அனுப்பிய தூதரக அதிகாரி ஜான் சர்வீஸ், 1951 டிசம்பரில் டிஸ்மிஸ். நீராவிக் குழாய் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலைக்குப் போனார். ஆறு வருடம் போராடி உச்சநீதிமன்றத்தில் ஜெயித்தார். இதேபோல் எழுதிய ஜான் பேட்டன் டேவிஸை 1954-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பெரு நாட்டுக்குப் போய் மரச்சாமான் செய்து விற்றார். இவர்கள் சொன்னது பலித்தது. அதுதான் குற்றம்.

ஹெர்பர்ட் நார்மன் என்று ஒருவர். கனடாக்காரர். பிறந்தது ஜப்பானில், மிஷனரி குடும்பம். நவீன ஜப்பான் உருவான கதையை 1940-ல் ஐ.பி.ஆருக்காக எழுதியவர். மாணவப் பருவத்தில் கம்யூனிஸ்ட். மெக்காரன் கமிட்டியில் 1951-ல் அவர் பேர் அடிபட்டது. கனடா அரசு விசாரித்து, விசுவாசமானவர்தான் என்று எகிப்துக்குத் தூதராக அனுப்பியது. 1957-ல் அதே செனட் கமிட்டி மறுபடியும் பழைய கோப்பைத் திறந்தது. ஏப்ரல் 4-ம் தேதி காலை, கெய்ரோவில் ஓர் உயரமான கட்டடத்தின் மாடிக்குப் போய்க் குதித்துவிட்டார். வயது 47.

ஐ.பி.ஆருக்குப் பண வரத்து நின்றது. பெரிய அறக்கட்டளைகள் கைகழுவின. 1955-ல் வரிவிலக்கைப் பிடுங்கினார்கள். கோர்ட்டுக்குப் போய் அதைத் திரும்ப வாங்குவதற்குள் ஆள் இல்லை, காசு இல்லை. 1960-களின் தொடக்கத்தில் கடையைக் கட்டினார்கள்.

இதே காலகட்டத்தில்தான் அமெரிக்கா மெதுவாக வியட்நாமுக்குள் காலை வைத்துக்கொண்டிருந்தது. ஹோ சி மின் சீனாவின் எடுபிடியா, இல்லை முதலில் தேசியவாதியா? சீனாவுக்கும் வியட்நாமுக்கும் ஆயிரம் வருடப் பகை உண்டே, அதை என்ன செய்வது? இதையெல்லாம் வெளியுறவுத் துறைக்குள் எழுந்து கேட்கிற ஆட்கள் அப்போது இல்லை. இருந்த ஓரிருவரும், எழுதினால் பத்து வருடம் கழித்து எந்தக் கமிட்டி படிக்குமோ என்று பேனாவை மூடிவைத்துக்கொண்டார்கள். நான் சொல்லவில்லை. அந்தப் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாராவே 1995-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில், ஆசியா தெரிந்தவர்களை 50-களில் விரட்டிவிட்டதால் தங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆளில்லாமல் போனது என்று எழுதினார். டேவிஸ், சர்வீஸ், வின்சென்ட் என்று பேர்களையும் குறிப்பிட்டார். அதற்குள் 58,000 அமெரிக்கச் சிப்பாய்களும், பல லட்சம் வியட்நாமியரும் மண்ணுக்குள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

லாட்டிமோர் 1963-ல் அமெரிக்காவைவிட்டுக் கிளம்பினார். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகம் கூப்பிட்டு, சீன ஆய்வுத் துறையை ஆரம்பிக்கச் சொன்னது. அங்கேயிருந்துகொண்டு மங்கோலியாவுக்கு அடிக்கடி போய்வந்தார். மங்கோலியர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். 1979-ல் தங்கள் நாட்டின் உயர்ந்த விருதைக் கொடுத்தார்கள். போதாது என்று, கோபி பாலைவனத்தில் தோண்டியெடுத்த ஒரு டைனோசருக்கு 1982-ல் அவர் பேரையே வைத்துவிட்டார்கள். கோயோசெஃபாலே லாட்டிமோரி. மண்டை ஓடு கனமான இனம். 1989-ல், 88 வயதில், சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து இறந்தார்.

பத்திரிகை? அது சாகவில்லை. ஐ.பி.ஆரின் கடைசிப் பொதுச்செயலாளர் வில்லியம் ஹாலண்ட், நியூஸிலாந்துக்காரர். சத்தம் போடாத மனிதர். 1961-ல் பசிபிக் அஃபேர்ஸை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி, கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1978 வரை அவரே ஆசிரியர். வருடத்துக்கு நாலு இதழ், இன்றைக்கும் அங்கிருந்துதான் வருகிறது.